மரவட்டைக்கு அடுத்த வரி

"மரவட்டை," என்றாள் கெங்கம்மா.

"அது நாலாவது வரி. அது எனக்குத் தெரியாதா? அஞ்சாவது கேளு," என்றாள் இருதயம்மாள். கேன்டீன் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரி, அஞ்சாவது."

"தங்கச்சி நண்டு லபக்."

"எழுத்தா சொல்லும்மே. டாக்டராண்ட போயி நண்டு கிண்டுன்னு ஒளறி வெச்சிடப் போற."

"த, ந, ல, ப, க."

"ஷோக்கா கீது. இப்போ கண்ணத் தொறந்துகினு சொல்லு."

"தொறந்தா மறந்துடுது."

கம்பெனியின் முதலுதவி அறைச் சுவரில் கண் பரிசோதனை அட்டை ஒன்று பல வருஷங்களாகத் தொங்கியது. உச்சியில் பெரிதாக ஒரு ட. கீழே வரவர எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். நாலாவது வரியில் ம, ர, வ, ட. அஞ்சாவதில் த, ந, ல, ப, க. வருஷத்துக்கு ஒரு முறை கண் டாக்டர் வந்து, டப்பாவில் குறை பார்க்கிற செக்கிங் ஆட்களை அதற்கு எதிரே நிறுத்துவார். நாலாவது வரியை மரவட்டை என்றும் அஞ்சாவதைத் தங்கச்சி நண்டு லபக் என்றும் முதலில் கட்டியது யார் என்று தெரியாது. கெங்கம்மா தான்தான் என்பாள். செக்கிங்கில் நாற்பது தாண்டிய எல்லோருக்கும் அது மனப்பாடம்.

இன்றைக்கு மத்தியானம் பரிசோதனை.

பயம் இதுதான்: செக்கிங் டேபிளில் இருப்பவருக்குக் கண்ணாடி வந்தால் டேபிள் போய்விடும். யாரும் அப்படி எழுதி ஒட்டவில்லை. ஆனால் லட்சுமணனுக்கு அப்படித்தான் ஆயிற்று. பரிசோதனை முடிந்த கொஞ்ச நாளில் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் லோடிங்கில் டப்பா மூட்டைகளை லாரிக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் செக்கிங்கில் ஒருத்தர் மூக்கிலும் கண்ணாடி ஏறவில்லை. சூப்பர்வைசர் டில்லிபாபு போட்டிருக்கிறாரே என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டால், "அவரு டப்பாவையா பாக்கறாரு? நம்மளத்தானே பாக்கறாரு," என்று கெங்கம்மா முடித்துவிடுவாள்.

இருதயம்மாளுக்குக் கிட்டத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லை. அது கெங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.

இருதயம்மாள் ராயபுரம் பனைமரத்தொட்டியில் பிறந்தவள். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பத்தாவது முடித்ததும் காசிமேட்டில் இறால் உரிக்கப் போனாள். அந்த வாடை ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் கூட வந்து பக்கத்தில் உட்காரும். பிறகு இக்னேஷியஸைக் கட்டிக்கொண்டாள். அவன் துறைமுகத்துக்கும் மணலிக்கும் இடையே டிரெய்லர் ஓட்டுகிறவன். ஓட்டுவதைவிட எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்பதுதான் அதிகம். நிற்கிற நேரமெல்லாம் பேசுவான். ஊரில் பாதிப்பேர் அவனுக்குத் தோஸ்து.

விம்கோ நகர் பக்கம் பெயிண்ட் டப்பா செய்யும் இந்தக் கம்பெனியில் அவளைச் சேர்த்துவிட்டதும் அப்படி ஒரு தோஸ்துதான். முதலில் பிரஸ் ஷாப். தகரத்தை வெட்டி மூடியாகத் தட்டுகிற இடம். அந்தச் சத்தத்தில் பழகி வீட்டிலும் கத்தியே பேசினாள். மாடி வீட்டுக்காரர்கள் தினமும் சண்டை என்று நினைத்தார்கள். அங்கிருந்து செக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒரு ஸ்டூல், வெள்ளை விளக்கு, எதிரே ஓடி வரும் டப்பாக்கள். வாழ்க்கையில் முதல் முறையாக உட்கார்ந்து வேலை செய்தாள்.

எடு, திருப்பு, பார், வை. வேலை அவ்வளவுதான். நசுங்கின சொட்டை இருக்கிறதா, கீறல் இருக்கிறதா, அச்சடித்த சாயம் எங்காவது உரிந்திருக்கிறதா, பக்கவாட்டு ஒட்டு சரியாக ஒட்டியிருக்கிறதா. நல்லதாக இருந்தால் "போவும்". கெட்டதாக இருந்தால் "போச்சு". டேபிளில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பார்ப்பார்கள். தூக்கம் வராமலிருக்க அது ஒரு வழி. வெளியாள் யாராவது வந்து நின்றால், நாள் முழுக்க இவர்கள் எதை வழியனுப்புகிறார்கள் என்று குழம்பிப்போவார்.

கண் மங்கியபோது முதலில் டியூப் லைட்டைக் குறை சொன்னாள். லைட்டை மாற்றினார்கள். பிறகு அச்சடிக்கிறவன் மையில் தண்ணீர் கலக்கிறான் என்றாள். டப்பாவைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் தெரிந்தது. பிறகு இன்னும் தள்ளிப் பிடித்தாள். கடைசியில் கை நீளம் போதவில்லை. வீட்டில் மீன் கழுவினாலும் இப்படித்தான். செதிலோடு குழம்பு கொதிக்கும். இக்னேஷியஸ் ஒன்றும் சொல்லமாட்டான். வாயில் தட்டுப்படுவதை எடுத்துத் தட்டு ஓரத்தில் வரிசையாக வைப்பான். பேசிக்கொண்டே இருக்கிற மனிதன் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அவளைச் சுட்டது.

அந்தச் சமயத்தில்தான் கேமரா வந்தது.

ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி. உள்ளே வளையமாக விளக்கு, சுற்றிலும் கேமராக்கள். டப்பா உள்ளே போகும். கண் சிமிட்டுகிற நேரத்தில் படம் எடுக்கும். கெட்டது என்று பட்டால் வெளியே வரும்போது புஸ்ஸென்று காற்றை ஊதிச் சிவப்புத் தொட்டியில் தள்ளும். இனி டேபிளே வேண்டாம், எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று செக்கிங் முழுக்கப் பேச்சு. கெங்கம்மா பெட்டிக்குச் சாபம் விட்டாள். சந்தோஷப்பட்டது இருதயம்மாள் ஒருத்திதான். தன் கண்ணுக்குத் தெரியாதது அதன் கண்ணுக்குத் தெரியும். கூடவே இருந்துகொண்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை பேதுரு கோயிலில், கண்ணுக்கென்று இருக்கிற புனித லூசியாளிடம் வேண்டிக்கொண்டாள். தனக்காக இல்லை. பெட்டி நன்றாகப் பார்க்கவேண்டும் என்று.

"அடிப்பாவி, நம்ம சோத்துல மண்ணு போட வந்ததுக்கா மெழுகுவத்தி ஏத்துன?" என்றாள் கெங்கம்மா.

"எனக்கு அது தோஸ்து," என்றாள் இருதயம்மாள்.

பெட்டியோடு ஜெரின் வந்தான். நாகர்கோவில் பக்கத்து என்ஜினியர். பெட்டிக்கு எதுவும் தெரியாது, நல்ல டப்பா எது கெட்ட டப்பா எது என்று ஆயிரக்கணக்கில் படம் காட்டிக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்றான். டேபிள் பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொண்டான். இருதயம்மாளும் கெங்கம்மாவும் வழக்கம்போல் சொல்லச் சொல்ல ஒவ்வொரு படத்தையும் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டான்.

பெட்டியை ஓடவிட்ட அன்று மேனேஜர்கூட வந்து நின்றார். முதல் டப்பா போயிற்று. பளபளவென்று இருந்தது. புஸ். சிவப்புத் தொட்டியில் விழுந்தது. இரண்டாவதும் நல்லது. புஸ். மூன்றாவது, லாரி ஏறினாற்போல் நசுங்கியது. சோதனைக்காக டில்லிபாபுவே உள்ளே விட்டது. அது அலுங்காமல் குலுங்காமல் வெளியே வந்து நல்ல டப்பாக்களின் பெல்ட்டில் சேர்ந்துகொண்டது.

மேனேஜர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

"நல்லதத் தொரத்திட்டு சொட்டையச் சேத்துக்குது," என்றாள் கெங்கம்மா. "எங்க வூட்டுக்காரனுக்கு இது இன்னா ஒறவு?"

ஜெரின் வியர்த்துப்போனான். கம்பியைப் பார்த்தான், லைட்டைப் பார்த்தான். கடைசியில் டேபிளுக்கு வந்து, "அக்கா, நீங்க போவும்னு சொன்னா என்ன அர்த்தம்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"போவும்னா போவும். கஸ்டமராண்ட போவும். நல்ல டப்பா."

"எங்க ஊர்ல ஒரு சாமான் போவும்னா, அது கெட்டுப் போவும்னாக்கும்."

"அப்போ போச்சுன்னா?"

"ஒண்ணு கெட்டதுன்னா மத்தது நல்லதாத்தானே இருக்கணும்? பாஸாகிப் போயாச்சுன்னு எடுத்துக்கிட்டேன்."

டில்லிபாபு சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா நைனா?" என்றார்.

"நாங்களும் சொல்லலியே," என்றாள் இருதயம்மாள். "இன்னாடா, தம்பி நல்லாத் தலையாட்டிகினு கீதே, புரிஞ்சிகிச்சின்னு வுட்டோம்."

பிரித்ததை அப்படியே தலைகீழாக மாற்றிவிட்டால் போதும் என்றான் ஜெரின். ஆனால் இந்த முறை யாராவது ஒருத்தர் திரைக்கு முன்னால் கூடவே உட்கார்ந்து எல்லாப் படத்தையும் இன்னொரு தடவை பார்த்துவிடவேண்டும். இருதயம்மாள்தான் முதலில் எழுந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறதே என்று எழுந்தாளே தவிர, அங்கே என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

திரையில் ஒரு டப்பா வந்தது. அண்டா அளவுக்கு இருந்தது. ஜெரின் சக்கரத்தை உருட்டினான். இன்னும் பெரிதாயிற்று. ஒரு மயிரிழைக் கீறல் கொசஸ்தலை ஆறு மாதிரி அகலமாக ஓடியது. அதன் கரைகூடத் தெரிந்தது. இருதயம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சாயத்தில் புள்ளி, ஒட்டில் பிசிறு, ஓரத்தில் எண்ணெய்க் கறை. எத்தனை காலம் கழித்து எல்லாம் தெரிகிறது. "போச்சு, போச்சு, போவும், போச்சு," என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஜெரினால் அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

நடுவில் ஒரு படத்தில் நிறுத்தினாள். பக்கவாட்டில் நீளக் கீறல். குருடனுக்கும் தெரியும்.

"இது ஆரு போவும்னு சொன்னது?"

ஜெரின் பார்த்தான். "நீங்கதான் அக்கா."

"அன்னிக்கு லைட்டு சரியில்ல," என்றாள். அடுத்த படத்தைக் காட்டச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பெட்டி ஒழுங்காகப் பார்த்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. டேபிள் கொஞ்சம் சுருங்கியது. சிலர் மூடி செக்கிங்குக்குப் போனார்கள். பெட்டிக்கு ஆபரேட்டர் இருதயம்மாள் என்று டில்லிபாபு சொல்லிவிட்டார். சாய்மானம் வைத்த நாற்காலி கிடைத்தது. அவளுக்கு எதிரே இரண்டு பித்தான்கள். பச்சைக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி போவும் என்றும், சிவப்புக்கு மேல் போச்சு என்றும் ஜெரின் எழுதிவைத்தான். இன்னொரு தடவை அவமானப்பட அவன் தயாராக இல்லை.

ஒரே ஒரு தொல்லை. பெட்டி தள்ளிய டப்பாவைத் திரையில் பார்த்தால் மட்டும் போதாது. தொட்டியிலிருந்து கையில் எடுத்தும் பார்த்துவிட்டுத்தான் பித்தானை அழுத்தவேண்டும். இருதயம்மாள் எடுப்பாள், திருப்புவாள், புருவத்தைச் சுருக்குவாள். கண்ணென்னவோ திரையில்தான் இருக்கும். தொலைவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இவளைப்போல் உன்னிப்பாகப் பார்க்கிறவள் இல்லை என்று தோன்றும். டில்லிபாபுவே புதுப் பெண்களிடம், "இருதயத்தப் பார்த்துக் கத்துக்குங்க," என்றிருக்கிறார். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன மாதம் ஒரு காலையில் பெட்டிக்குக் கிறுக்குப் பிடித்தது. நல்லது கெட்டது பார்க்காமல் புஸ் புஸ்ஸென்று எல்லாவற்றையும் தள்ளியது. ஜெரின் வந்து கதவைத் திறந்து பார்த்தான்.

"ஒண்ணுமில்ல அக்கா, கண்ணு பூத்துப் போச்சு."

பிரஸ் ஷாப்பிலிருந்து மிதந்து வரும் எண்ணெய்ப் புகையும் உப்புக் காற்றும் சேர்ந்து கேமராவின் முகக் கண்ணாடியில் படிந்திருந்தன. அதிர்வில் லென்ஸும் கொஞ்சம் திரும்பியிருந்தது. கண்ணாடியை மாற்றினான். லென்ஸைத் திருகித் திருகித் திரையைப் பார்த்தான். மங்கலாக இருந்த டப்பா மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. இருதயம்மாள் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். ஜெரின் கதவைச் சாத்தினான். பெட்டி ஓடியது.

இன்றைக்குக் குழாயடியில் சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருதயம்மாள் கையைப் புடவையில் துடைத்தாள். அதற்குள் டில்லிபாபு வாசலில் வந்து நின்றார்.

"இருதயம், நீ மொதல்ல போயிட்டு வந்துடு. மிசினை ரொம்ப நேரம் ஆளில்லாம வுட முடியாது."

"நானா?"

"நீதான். கெங்கம்மா, நீ அடுத்து."

மரவட்டை, தங்கச்சி என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள்.

முதலுதவி அறையில் இளம் டாக்டர் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கண்ணாடிகள் அடுக்கிய பெட்டி. வாசலுக்கு வெளியே செக்கிங் ஆட்கள் ஒவ்வொருவராக வரிசையில் சேர்ந்தார்கள். ஸ்டூலைக் காட்டி, "உட்காருங்கம்மா. எடது கண்ணை மூடிக்கிட்டு, எதிர்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க," என்றாள் டாக்டர்.

இருதயம்மாள் உள்ளங்கையால் இடது கண்ணை மூடினாள். வழக்கம்போல் வலது கண்ணையும் இறுக்கிக்கொண்டாள். பூசையில் ஜெபம் சொல்கிற முகம். மூச்சை இழுத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ட."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"க, ப. ச, ய, ம. ம, ர, வ, ட." நின்றாள். அறை ரொம்பவும் அமைதியாக இருந்தது. அந்த அமைதி அவளைக் கலைத்துவிட்டது. "தங்கச்சி நண்டு லபக்."

வெளியே கெங்கம்மா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"யாரோட தங்கச்சிம்மா?" என்றாள் டாக்டர்.

இருதயம்மாள் கண்ணைத் திறந்தாள். சுவரில் பழைய அட்டை இல்லை. மழையில் சுவர் ஊறி அட்டை உப்பிப்போய்விட்டதென்று எடுத்திருந்தார்கள். டாக்டரே கொண்டுவந்த புது அட்டை தொங்கியது. அதில் எழுத்தே கிடையாது. மூன்று பல் சீப்பு மாதிரி ஒரே உருவம், ஒன்று வலப்பக்கம் பார்த்து, ஒன்று இடப்பக்கம், ஒன்று மேலே, ஒன்று கீழே.

"எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் ஆகட்டும்னு இதை எடுத்துட்டு வந்தோம்," என்றாள் டாக்டர். சிரிப்பை அடக்கியதில் குரல் நடுங்கியது. "பல்லு எந்தப் பக்கம் பார்க்குதுன்னு கையை மட்டும் காட்டுங்க. கண்ணைத் தொறந்துக்கிட்டு."

தொலைந்தோம் என்று நினைத்தாள் இருதயம்மாள். கையைக் காட்டினாள். வலது, மேலே, இடது. அடுத்த வரி. அதற்கடுத்தது. கடைசி வரியும் தெரிந்தது. எல்லாப் பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. இன்னொரு கண்ணை மூடிக் காட்டினாள். அதுவும் அப்படியே.

"தூரப் பார்வை ரொம்ப நல்லா இருக்கும்மா. எதுக்கு மனப்பாடம் பண்ணீங்க? அந்த அட்டை இருந்திருந்தாலும் உங்களால படிக்க முடிஞ்சிருக்குமே."

இருதயம்மாளுக்குப் புரியவில்லை. அந்த அட்டையை ஒரு வருஷமும் அவள் கண்ணைத் திறந்து பார்த்ததே இல்லை. ஓர் இரண்டு விநாடி, பரவாயில்லை, பிழைத்தோம் என்று தோன்றியது. அப்போது டாக்டர் சின்ன அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

"இதைப் படிங்க."

அதில் சாம்பல் நிறமாக ஏதோ கோடு கோடாக ஓடியது. கையை நீட்டினாள். இன்னும் நீட்டினாள்.

"கிட்டத்துலதான் தெரியல, வெள்ளெழுத்து. நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றது. ஒரு கண்ணாடி போட்டா முடிஞ்சது," என்று டாக்டர் சீட்டை எழுதத் தொடங்கினாள்.

இருதயம்மாள் அந்தக் கையைப் பிடித்துவிட்டாள்.

"தாயி, கண்ணாடின்னு எழுதாதம்மா. நல்லா தெரியுதுன்னு எழுதிடு."

"ஏம்மா?"

"டேபிள வுட்டுத் தூக்கிடுவாங்க. லோடிங்குல போட்டுடுவாங்க. நான் இப்போதான் குந்த ஆரம்பிச்சேன்."

டாக்டர் பேனாவை வைத்தாள். எழுந்து போய் வாசலில் நின்றிருந்த டில்லிபாபுவைக் கூப்பிட்டாள். வரிசையில் நின்றவர்களும் அவருக்குப் பின்னால் கழுத்தை நீட்டினார்கள்.

"சார், கண்ணாடி போட்டா வேலைய மாத்திடுவீங்களா?"

"ஆரு சொன்னது?"

நீட்டிய கழுத்துகள் பின்வாங்கின. "எல்லாருந்தான்," என்றாள் இருதயம்மாள். "லட்சுமணன மாத்தலியா?"

"லட்சுமணனா?" டில்லிபாபு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "அந்தாளு போட்டுகினு வந்தது இன்னா கண்ணாடின்னு பாத்தியா? கூலிங் கிளாஸு. கண்ணுல வலின்னு சொல்லிட்டு டேபிள்ல குந்திகினு தூங்கிகினு இருந்தாரு. கொறட்ட வுட்டதுலதான் மாட்டினாரு. ஒரு பெட்டி சொட்ட டப்பா கஸ்டமர் வரைக்கும் பூட்ச்சி. அதனால தூக்கினோம்."

வெளியே யாரோ, "கறுப்பாத்தாம்ப்பா இருந்திச்சி," என்றார்கள். இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல.

"கண்ணு தெரியாதவங்கள மாத்தமாட்டீங்களா?" என்றாள் டாக்டர்.

"எதுக்கு மாத்தறது? கண்ணாடி தேவப்பட்டவங்க போட்டுகினுதான் குந்தணும்னு கஸ்டமரே கேக்கறான். ஒவ்வொரு வருஷமும், இன்னாடா இது, நம்ம செக்கிங்குல மட்டும் ஒருத்தருக்கும் கண்ணு கெட மாட்டுதுன்னு எனக்கே ஆச்சரியம். கடக்காத்துன்னு நெனச்சிகினேன்."

சிரிப்பு வரிசை நெடுக ஓடியது. இருதயம்மாள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். அவளுக்கு ஆத்திரம் இப்போதுதான் வந்தது.

"அந்தப் பொட்டிக்குக் கண்ணு பூத்திச்சின்னா ஜெரினு ஓடியாந்து தொடைக்கிறான், மாத்துறான், திருகி வுடுறான். அத லோடிங்குக்கு அனுப்புறேன்னு ஒருத்தரும் சொல்லல. நாங்க மட்டும் மரவட்டைய மனப்பாடம் பண்ணிகினு பேஜாரு படணுமா? ஒரு வார்த்த நீங்க வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்றார் டில்லிபாபு. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொட்டிய லோடிங்குக்கு அனுப்பினா அத எவன் தூக்குறது."

அதற்கு இருதயம்மாளும் சிரித்துவிட்டாள். ஆத்திரம் முழுக்கப் போகவில்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது.

டாக்டர் பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அவள் மூக்கில் மாட்டினாள். அந்தச் சின்ன அட்டையை மறுபடி கொடுத்தாள். இருதயம்மாள் அட்டையைப் பார்க்கவில்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிரஸ் ஷாப்பில் கிழித்த பழைய தழும்பு, நகத்தின் ஓரத்தில் தகரத் தூள், ரேகைக்குள் ரேகை. இதெல்லாம் இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது.

"இன்னாமே ஜோசியம் பாக்கறியா? நவுரு, நவுரு," என்று கெங்கம்மா உள்ளே வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும், "எனக்கு ரெண்டும் தெர்லம்மா. தூரமும் தெர்ல, கிட்டயும் தெர்ல. எழுதிக்கோ," என்றாள்.

வரிசை நீண்டுகொண்டே போனது. பட்டியலில் இல்லாத பிரஸ் ஷாப் ஆட்கள் வந்தார்கள். கேன்டீன்காரர் வந்தார். கடைசியில் லோடிங்கிலிருந்து லட்சுமணனும் வந்து நின்றார். அவரைப் பார்த்ததும் எல்லோரும் ஒதுங்கி, "மொதல்ல நீ போ மாமு, ஒன்னாலதான் எல்லாம்," என்று முன்னால் தள்ளிவிட்டார்கள். என்ன ஏதென்று தெரியாமல் அவர் வணக்கம் போட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. இருதயம்மாள் காலை ஷிப்டுக்கு வந்தாள். கண்ணாடிக்காரர் கேட் பக்கத்தில் மேசை போட்டிருந்தார். படிக்கிற கண்ணாடிகளை ஒவ்வொருவரும் மாட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். தூரத்துக்கும் தேவைப்பட்டவர்களுக்கு அடுத்த வாரம் என்றார். கெங்கம்மாவுக்கு அடுத்த வாரம். இருதயம்மாள் பழுப்பு நிறச் சட்டம் போட்டதை எடுத்தாள். முதல் ஓட்டம் நாலு லிட்டர் டப்பா. பெட்டி தள்ளியவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தாள். சிலவற்றுக்குப் பச்சையை அழுத்தினாள், பலவற்றுக்குச் சிவப்பை. டேபிளில் போச்சு என்ற குரல் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது. சாப்பாட்டுக்கு முன்பே சிவப்புத் தொட்டி நிரம்பியது. டில்லிபாபு பிரஸ் ஷாப்புக்குப் போய்த் தகரம் வெட்டும் அச்சைச் சரிபார்க்கச் சொன்னார். அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். மத்தியானம் கொஞ்ச நேரம் கரண்ட் இல்லை. ஜெரின் இரண்டாவது கேமராவின் விளக்கை மாற்றினான். சாயங்காலம் ரயில் தண்டையார்பேட்டை தாண்டி நின்றுவிட்டது. இருதயம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியில் கொடுத்த மருந்துக் கடை விளம்பரச் சீட்டை மேலிருந்து கீழ் வரை படித்தாள். ரயில் நகர்ந்ததும் கண்ணாடியைக் கழற்றி உறையில் வைத்தாள்.